மூன்று மூச்சுக்குள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மேசை இருந்ததாம், அந்த மேசைக்கு எட்டே எட்டு நாற்காலி இருந்ததாம் என்றுதான் இதைத் தொடங்கியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கடையில் அதற்கு மேல் எதுவும் கிடையாது. ஊர் சென்னை. தேனாம்பேட்டையில் பெரிய சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால், ஒரு பல் டாக்டருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் பெயர்ப்பலகை இல்லாத மரக்கதவு. அதைப் பக்கவாட்டில் தள்ளினால் நீளமாக ஒரே பலகை. பலகைக்கு அந்தப் பக்கம், பச்சை மீனைச் சோற்றின் மேல் வைத்து சுஷி பிடித்துத் தருகிற ஹிரோசே என்கிற ஜப்பான்காரக் கிழவர், இந்தப் பக்கம் சாப்பிடுகிறவர்கள். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கடைசி நாற்காலியில் செங்கொடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒகாடா. ஒரகடத்தைத் தாண்டி இருக்கிற கார் உதிரிபாகக் கம்பெனியில் நான்கு வருஷம் உற்பத்தி மேலாளராக இருந்துவிட்டு, இன்று ராத்திரி விமானத்தில் ஒரேயடியாகத் தன் ஊருக்குத் திரும்புகிற மனிதர். செங்கொடி அங்கே மொழிபெயர்ப்பாளர். நான்கு வருஷமாக அவருடைய வாயும் அவள்தான், காதும் அவள்தான். அதற்கு நன்றியாகத்தான் இந்தச் சாப்பாடு. அவள் மடியில் கைப்பை. பைக்குள் ஒரு பச்சை ஃபைல். ஃபைலுக்குள் மூன்று பக்க விபத்து அறிக்கை. சாப்பிட்டு முடித்ததும் அவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமை விசாரணையில் அதைப் படிப்பார்கள், படித்ததும் பிரஸ் ஓட்டுகிற தணிகைவேலுக்கு வேலை போகும். முதல் துண்டு வருவதற்குள் சொல்லிவிடுவேன் என்று கதவைத் தள்ளும்போது நினைத்திருந்தாள். முதல் துண்டு வந்துவிட்டது.

கணவாய். வெள்ளைவெளேரென்று, ஈரமாக, பலகையின் மேல் வைத்த உடனே லேசாக மூச்சு விடுவதுபோல் சோற்றின் மேல் படிந்தது. ஹிரோசே சுட்டுவிரலைத் தூக்கி, "இன்னா மா, துன்னு. மூணு மூச்சு. அப்பால சோறு ஆறிப்பூடும்" என்றார். தினமும் விடிவதற்கு முன் காசிமேடு போய் மீன் வாங்குகிறவர். மீன் விற்கிற பெண்களிடம் இருபது வருஷமாகக் கற்ற தமிழ், வேறு தமிழ் அவரிடம் கிடையாது. ஒகாடாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டி, "இந்தாளு நாலு வருஷம் ஆச்சு. ஒரு வணக்கம். அவ்ளோதான். வேஸ்ட்டு" என்றார். என்ன சொல்கிறார் என்று ஒகாடா கேட்டார். உங்கள் உடல்நலத்தை விசாரிக்கிறார் என்று செங்கொடி ஜப்பானிய மொழியில் சொன்னாள். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் செய்துவிட்டது. இதுதான், இப்படித்தான் அன்றைக்கும். கிழவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார், அவருக்குத்தான் இரண்டு மொழியும் தெரியுமே, பார்த்துவிட்டு அடுத்த பிடி சோற்றை எடுத்தார். செங்கொடி பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். இடது உள்ளங்கையில் மீன், அதன் மேல் சோறு, பிறகு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து வந்து ஒரு அழுத்து, ஒரு திருப்பு, இன்னொரு அழுத்து. அந்த இரண்டு விரல்தான். மற்ற விரலெல்லாம் சும்மா ஒதுங்கி நிற்கிறது. இந்தக் கடையில் இத்தனை வருஷம் வந்துபோன எல்லோருக்கும் சோறு போட்டது அந்த இரண்டு விரல்தான் போலிருக்கிறது. தணிகைவேலுக்குப் போனதும் வலது கையில் அதே இரண்டுதான். ஆள்காட்டி விரல் அடியோடு, நடுவிரல் பாதி. இன்றோடு பன்னிரண்டு நாள்.

சூரை மீன் வந்தது, செக்கச்செவேலென்று. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டாள், குளிர்ந்து, வழுக்கி, பிறகு நெய்போல் கரைந்து, ருசியாகத்தான் இருந்தது, ருசியாக இருந்ததுதான் கேவலமாக இருந்தது. இப்போது சொல்லலாம். ஆனால் பலகையின் அந்தக் கோடியில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் போகட்டும். எப்படித் தொடங்குவது. ஒகாடா-சான், ஒரு விஷயம். இல்லை, அப்படித் தொடங்கினால் அவர் சிரித்துக்கொண்டே திரும்புவார், அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பேச்சு வராது. அன்றைக்கும் வழக்கமான காலைக் கூட்டம்தான். தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். மாசக் கடைசி, ஆர்டர் பாக்கி, ஒகாடாவின் கண்ணுக்குக் கீழே கருப்பு. தணிகைவேல் வரிசையை விட்டு வெளியே வந்தான். இருபத்துநாலு வயசு, திருத்தணிப் பக்கம், யாரிடமும் சத்தமாகப் பேசாதவன். "அக்கா, நாலாம் நம்பர் பிரஸ் மூணு நாளா கண்டபடி இறங்குதுக்கா. கை உள்ள இருக்கறப்பவே இறங்குது. சென்சார் செத்துப்போச்சு. இப்பவே நிறுத்தச் சொல்லுங்க. இல்லன்னா எவன் கையாவது போயிடும்." சொன்னதோடு விடாமல், இடது உள்ளங்கையை நீட்டி, வலது முஷ்டியை அதன் மேல் டப்பென்று இறக்கிக் காட்டினான். ஒகாடா அவளைப் பார்த்தார். அவள் என்ன சொன்னாள்? நாலாம் எந்திரத்தின் சென்சார் சற்றுத் தாமதமாகச் செயல்படுவதுபோல் தோன்றுகிறதாம், வசதிப்படும்போது பார்க்க முடியுமா என்று பணிவோடு கேட்கிறார். ஒகாடா, இப்போதேவா என்று கேட்டார். கேட்டாரே. அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டாரே. இல்லை, அவசரம் இல்லை, நேரம் கிடைக்கும்போது போதும் என்றாள். சரி, மாசம் முடிந்ததும் என்று தலையாட்டினார். அவர் தலையாட்டியதைப் பார்த்துத் தணிகைவேல் சிரித்தான். "தேங்க்ஸ்க்கா" என்றான். அந்த தேங்க்ஸ்தான். ராத்திரி தூங்கப் போனால் அதுதான், பல் விளக்கினால் அதுதான், பஸ் கண்ணாடியில் தலையைச் சாய்த்தால் அதுதான். இரண்டு நாள் கழித்து மத்தியான ஷிஃப்டில் பிரஸ் இறங்கியது.

"ஆறிப்பூச்சு மா" என்றார் ஹிரோசே. எதிரே வஞ்சிரம், எப்போது வைத்தார் என்றே தெரியவில்லை, மூன்று மூச்சு தாண்டி முப்பது மூச்சு ஆகியிருக்கும். அவசரமாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒகாடா கையாலேயே சாப்பிட்டார். "உங்கள் ஊரைப்போலத்தான், கொடி-சான். இங்கே குச்சி வேண்டாம், கையே மரியாதை" என்றார். கம்பெனியில் ஜப்பான்காரர்கள் மரியாதைக்கு ஒரு சான் சேர்த்து அவளைக் கொடி-சான் என்றுதான் கூப்பிடுவார்கள், முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையாது. நுழையாததும் நல்லதுதான். பின்னி மில் வாசலில் கொடி பிடித்த அப்பா வைத்த பெயர். சேர்ந்த முதல் வாரமே, பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒகாடா கேட்டபோது, ஒரு வகைப் பூங்கொடி என்று சொல்லியிருக்கிறாள். தன் பெயரையே மழுப்பியவள் அடுத்தவன் கையை மழுப்ப எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் அவள் மட்டுமா. போன வருஷம் ஒரு மேஸ்திரி சொன்னதை உள்ளது உள்ளபடி சொன்னதற்கு ஹெச்.ஆர். சேதுமாதவன் ரூமுக்குக் கூப்பிட்டு, "ஏம்மா, உன்ன மொழிபெயர்க்கத்தான வச்சிருக்கோம், சண்டை மூட்டவா வச்சிருக்கோம்? அவங்க கத்துனத நீ கத்தாத. கொஞ்சம் பாலிஷ் போடு" என்றார். போட்டாள். போடப் போடக் கை பழகியது. இந்தப் பக்கக் கோபம் அந்தப் பக்கம் போகும்போது வேண்டுகோளாகும், அந்தப் பக்க அலட்சியம் இந்தப் பக்கம் வரும்போது அக்கறையாகும். எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் செங்கொடி வந்தப்புறம் பிரச்சினையே இல்லை என்றார்கள். பிரச்சினை இருந்தது, அவளுடைய வாய்க்குள் இருந்தது. சேதுமாதவன் மீது போட்டுவிடலாம் என்று பன்னிரண்டு நாளும் முயன்று பார்த்தாள், ஒட்டவில்லை. சேதுமாதவன் அன்று அந்த மஞ்சள் கோட்டருகே இல்லை. அவள்தான் இருந்தாள்.

அடுத்த துண்டில் வசாபி என்கிற பச்சைக் கார விழுது அதிகம் போலிருக்கிறது, மூக்கின் உச்சிக்கு ஏறி மண்டைக்குள் ஊசியாகக் குத்தியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒகாடா சிரித்தார், டீயை நகர்த்தி வைத்தார். காரம் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும், இந்தச் சாக்கில் ஒரு நிமிஷம் அழுதுகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் தணிகைவேல் அழவில்லை. கம்பெனி சார்பில் பழம் கொண்டுபோனவள் அவள்தான், அனுப்பினார்கள், மூன்றாம் மாடி, பதினோராம் கட்டில். கட்டுப்போட்ட கையைத் தலையணைக்கு மேல் தூக்கி வைத்திருந்தான். சாப்பாட்டு நேரம். அவன் அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவன் தட்டைப் பார்த்தான், அக்கம்பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான், பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, இடது கையால சாப்பிடலாமாக்கா?" என்று கேட்டான். சாமி கும்பிடலாமா என்று கேட்கிற மாதிரி கேட்டான். சாப்பிடு தணிகை, அதுக்கென்ன என்றாள். அப்போதும் நன்றாகத்தான் பேசினாள், பளபளவென்று. இடது கையைத் தூக்கினான், பாதியில் நிறுத்தினான், "அம்மா வந்துடட்டும்" என்றான். பிறகு, "நான் முன்னாடியே சொன்னேன்தானக்கா? நீங்க சாட்சி இருக்கீங்கல்ல?" என்றான். இருக்கேன் என்றாள். அதற்கு மறுநாள் ஆபீசில் அவள் மேசைக்கு வந்த விபத்து அறிக்கையை ஜப்பானிய மொழிக்கு மாற்றினாள். இரண்டாம் பக்கம், ஆறாவது வரி: தொழிலாளி ஆபத்தை முன்கூட்டியே தெளிவாகத் தெரிவிக்கவில்லை. அந்த வரியை மாற்ற நாலு நிமிஷம் ஆயிற்று, தெளிவாக என்பதற்கு மூன்று சொல் இருந்தது, அதில் நல்லதைத் தேர்ந்தெடுத்தாள். நல்லதை! கீழே, மொழிபெயர்த்தவர் என்று அவள் பெயர்.

அந்தக் கோடிப் புருஷனும் பெண்டாட்டியும் எழுந்துவிட்டார்கள், கிழவரைக் கும்பிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே ஒரு நொடி வெயிலும் ஆட்டோ சத்தமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. இனி சாக்கு இல்லை. இறால் முடிந்ததும் சொல்லலாம். இறால் முடிந்தது. இஞ்சியைக் கடித்துக்கொண்டு சொல்லலாம். சொன்னால் வேலை போகும், போனால் வீட்டு வாடகை, அப்பாவின் காது மெஷின், அதெல்லாம்கூட இல்லை, அதைவிட, இந்த மனிதரின் முகத்தில் இருக்கிற இந்த நம்பிக்கை போகும், நான்கு வருஷமாகத் தன் வாயாக வைத்துக்கொண்ட வாயை அவர் துடைத்துப் போடுவார். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது, ஒன்றுமே ஆகாது. ஒகாடா துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு, "கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கடைசித் துண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்" என்றார். ஃபைலை எடுத்தாள். அவர் பேனா மூடியைத் திறந்தார். ஃபைலை அவள் விடவில்லை. அவர் ஒரு முனையைப் பிடித்திருந்தார், அவள் ஒரு முனையை. ஒகாடா-சான், என்றாள். மிகவும் மன்னிக்க வேண்டும். அன்றைய கூட்டத்தில் தணிகைவேல் அவர்கள் கூறியதை, என்னுடைய திறமைக் குறைவால், போதிய அளவு தெரிவிக்க இயலாமல் போயிருக்கலாமோ என்று... இல்லை. இது இல்லை. இதுவும் பாலிஷ்தான். மறுபடி தொடங்கினாள், மறுபடி அதே வழவழப்பு, இயலாமல், போயிருக்கலாமோ, மன்னிக்கவும், நாக்கு தான் பழகிய பள்ளத்திலேயே ஓடியது. ஒகாடா தலையை ஒரு பக்கம் சாய்த்து, பரவாயில்லை பரவாயில்லை என்று சமாதானம் சொல்லவே தொடங்கிவிட்டார். குற்றத்தைச் சொல்லப் போய் ஆறுதல் வாங்குகிறாளே. ஜப்பானிய மொழியில் அவளுக்குக் கத்தத் தெரியாது, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சட்டென்று தமிழில் சொன்னாள். இருக்கிற ஒரே கடை, இருக்கிற ஒரே மேசை, சத்தமாகச் சொன்னாள். "கை உள்ள இருக்கறப்பவே இறங்குது, இப்பவே நிறுத்தச் சொல்லுங்க, இல்லன்னா எவன் கையாவது போயிடும்னு சொன்னான். இப்பவேன்னு சொன்னான். நான் அத சொல்லல. அவசரம் இல்லன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்." ஹிரோசேயின் இரண்டு விரலும் சோற்றின் மேல் அப்படியே நின்றன.

ஒகாடா அவளைப் பார்த்தார், பிறகு கிழவரைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். கிழவர் கையில் இருந்த சோற்றைப் பலகையில் வைத்தார், கையை அலம்பினார், துடைத்தார், அவசரமே படவில்லை. பிறகு ஜப்பானிய மொழியில், மீன்சந்தைக் குரலில், சொல்லுக்குச் சொல் போட்டார்: கை உள்ளே இருக்கும்போதே இறங்குகிறது. இப்போதே நிறுத்து. இல்லாவிட்டால் எவனுடைய கையாவது போகும். பையன் அப்படிச் சொன்னான். இந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை. அவசரம் இல்லை என்று சொன்னாள். அவ்வளவுதான். ஒரு மன்னிக்கவும் இல்லை, ஒரு தோன்றுகிறது இல்லை. கல் கல்லாக விழுந்தது. இவ்வளவு சுருக்கமாகவா இருந்தது, இந்த ஆறு வாக்கியத்தையா பன்னிரண்டு நாள் சுமந்தாள். ஒகாடா பேனாவின் மூடியை மாட்டினார், மாட்டின மூடியை மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தாள், திட்டினால் தேவலாம் என்று இருந்தது. அவர் தன் இடது உள்ளங்கையைப் பலகையின் மேல் விரித்தார். வலது முஷ்டியை அதன் மேல் மெதுவாக இறக்கினார். "அவன் இப்படிக் காட்டினான்" என்றார். "எனக்குத் தமிழ் தெரியாது. இதற்கு என்ன மொழி வேண்டும்? அப்போதே புரிந்தது. உன்னிடம் கேட்டேன். நீ இல்லை என்றாய். எனக்கு ஆர்டர் பாக்கி இருந்தது. உன் பதில் எனக்கு வசதியாக இருந்தது." அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வேண்டாம். என் பங்கைக் குறைத்துச் சொல்லப் போகிறாய்" என்றார். உண்மைதான், அதைத்தான் சொல்லப் போனாள்.

அதற்கு அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது, அல்லது அவளுக்கு அப்படி இருந்தது. ஒகாடா ஃபைலை அவள் பக்கமே தள்ளினார். "இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் பங்கை நானே எழுதுவேன், டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்கு அப்புறம் மாற்றச் சொல்கிறேன். உன் பங்கை நான் எழுத மாட்டேன்." எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். சொன்னாள், மூன்றாம் மாடி, பதினோராம் கட்டில். அவளும் எழுந்தாள், பையை மாட்டினாள், பழக்கதோஷம், அவர் எங்கே போனாலும் ஒரு அடி பின்னால் போக வேண்டியவள். "நீ வர வேண்டாம். நீ வந்தால் அவன் உன்னைப் பார்த்துப் பேசுவான். அவன் என்னைப் பார்த்துப் பேச வேண்டும்" என்றவர் கிழவரிடம் திரும்பி, சாயங்காலம் ஆறு மணிக்குள் கடைக்குத் திரும்பிவிடலாம், எனக்காகத் தமிழ் பேச வருகிறீர்களா என்று கேட்டார், கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தார். ஹிரோசே ஒகாடாவை மேலும் கீழும் பார்த்தார். "நாலு வருஷத்துல இப்பத்தான் ஒரு நல்ல பேச்சு பேசுற" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஏப்ரனை அவிழ்த்தார். அவிழ்த்தவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து, சதுரமாக வெட்டி வைத்திருந்த முட்டைத் துண்டைச் சோற்றின் மேல் வைத்து, அந்த இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தி அவள் எதிரே வைத்தார். "கடைசி. முட்டைதான். துன்னுட்டு கதவு சாத்திட்டுப் போ மா." செருப்பு மாட்டுகிற சத்தம், கதவு, வெயில், கதவு. தெருவில் கார் கிளம்பியது. அவர்கள் பேசப்போவதில் அவள் இல்லை.

எட்டு நாற்காலியில் ஒரு நாற்காலி. ஏ.சி. மட்டும் முனகிக்கொண்டிருந்தது. மூன்று மூச்சு போயிற்று, அவள் தொடவில்லை. ஃபைலைத் திறந்தாள். இரண்டாம் பக்கம், ஆறாவது வரி. மேசையில் ஒகாடா மறந்துவிட்ட பேனா, மறந்தாரா விட்டுப்போனாரா, யாருக்குத் தெரியும். அந்த வரியை அடித்தாள். அடித்த இடத்துக்கு மேலே ஜப்பானிய மொழியில் எழுதப்போய்க் கை நின்றது. தமிழில் எழுதினாள். தணிகைவேல் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே, இறங்குது, போயிடும், எல்லாவற்றோடும் எழுதினாள். அதன் கீழே, இதை மாற்றிச் சொன்னது நான் என்று எழுதினாள். கீழே மொழிபெயர்த்தவர் பெயர் இருந்தது, அதை அடிக்கவில்லை. பக்கத்தில் அடைப்புக்குள் பேருக்கு அர்த்தம் எழுதலாமா என்று ஒரு கிறுக்கு யோசனை வந்தது, சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆயிற்று. தணிகைவேலிடம் இன்னும் அவள் வாயால் சொல்லவில்லை. அதற்கு ஹிரோசே கிடையாது. பேனாவை மூடினாள். முட்டைத் துண்டு சில்லிட்டிருந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு கட்டைவிரலாலும் மற்ற இரண்டு விரலாலும் அதை எடுக்கப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடி எடுத்தாள், சோறு உதிர்ந்தது, முட்டை மட்டும் வந்தது. இனித்தது. உதிர்ந்த சோற்றை ஒவ்வொன்றாக, அதே மூன்று விரலால், பலகையில் ஒரு பருக்கை இல்லாமல் பொறுக்கிச் சாப்பிட்டாள். நேரம் ஆயிற்று, ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு டீக் கோப்பைகளை ஓரமாக நகர்த்திவைத்தாள், ஃபைலைப் பைக்குள் போடாமல் கையிலேயே எடுத்துக்கொண்டாள், விளக்கை அணைத்தாள், மரக்கதவைப் பக்கவாட்டில் தள்ளிச் சாத்தினாள். ஜெராக்ஸ் கடைக்காரர், "சாப்பாடு ஆச்சாம்மா?" என்று சும்மா கேட்டார். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள். வெயிலில் இறங்கி நடந்தாள். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கியே இருந்தன. தெருமுனை வரைக்கும் அந்தக் கை தெரிந்தது, அப்புறம் தெருதான் இருந்தது.